கிராஞ்சியில் இல்லாத குன்று

மூன்றாம் நாளாக நிற்காத மழை.
இருபத்திரண்டு டிகிரி என்றார்கள் வானொலியில்,
பனிப்புயலை அறிவிக்கும் குரலில்.
அலுவலகக் குளிர்சாதனத்துக்கென்று வாங்கிய ஸ்வெட்டரை
முதன்முறையாக வானத்துக்காக மாட்டிக்கொண்டு
925இல் ஏறினேன்.

அணைக்கட்டருகே ஒரு கூரை.
சியூ லான் முன்பே வந்து ஸ்டாண்டை விரித்திருந்தாள்.
அவளுடையது எண்ணெய்ச் சாயம்.
சாரல் அவள் கேன்வாசில் விழும், உருளும்,
வீடு மாறிக் கதவைத் தட்டிவிட்ட விருந்தாளியைப்போல்
மன்னிப்புக் கேட்டு இறங்கிப் போய்விடும்.
என்னுடையது நீர்வண்ணம்.
என் வீட்டில் மழை
நேரே சமையலறைவரை வரும்.

முதல் பூச்சு காயக் காத்திருந்தேன்.
கால் மணி. அரை மணி.
தாள் அப்பளமாய் உப்பி வளைந்தது.
ஒட்டுநாடா ஒரு முனை கழன்று
காற்றில் படபடவென்றது.
ஹேர் டிரையர் கொண்டுவந்திருக்கலாமே என்றாள்.
எங்கே செருக,
கடலிலா?

ஒன்பது மணிவரை எதிரே ஜோகூர் இருந்தது.
உயர்ந்த கட்டடங்கள் முதலில் போயின.
அப்புறம் குட்டையானவை,
கரையோரப் பச்சை,
கடைசியாகக் கடலின் அந்தப் பாதி.
ஒரு நாடே புறப்பட்டுப் போயிற்று,
எந்தக் கடவுச்சீட்டிலும் முத்திரை விழாமல்.

சியூ லான் நினைவிலிருந்து எடுத்து
ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தாள்.
அடுக்குமாடி. தண்ணீர்த் தொட்டி. நீலக் கிரேன்.
எனக்குக் கை வரவில்லை.
தெரியாததை வரையமாட்டேன் என்று
வீம்பாகச் சொன்னேன்.
அந்த இடத்தை வெறும் தாளாகவே விட்டேன்.
கோப்பி ஓ பொட்டலத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.
விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன,
நெடுநேரம் துணி துவைத்தவள் விரல்போல.

புல்வெட்டும் எந்திரத்தோடு ஒருவர் ஒதுங்கினார்.
சட்டைப் பையில் பெயர்: ரஃபீக்குல்.
முகக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
இரண்டு படங்களையும் பார்த்தார்.
என் வெள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
அவள் படத்தில் விரல் படாமல் சுட்டி,
"இந்தக் கிரேன் போன மாதமே போய்விட்டது" என்றார்.
தினமும் அதைப் பார்த்தபடி புல் வெட்டுகிறவர்.
சியூ லான் சற்று யோசித்தாள்.
கத்தி முனையால் கிரேனைச் சுரண்டப் போனவள்
நிறுத்தி,
அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் நீலம் வைத்தாள்.

மழை விடவில்லை. நாங்கள்தான் விட்டோம்.

காயாத படத்தைச் சுருட்ட முடியாது,
கவிழ்க்க முடியாது.
தாம்பூலத் தட்டாக ஏந்திப் பேருந்தில் ஏறி
முழங்கையில் தொங்கிய பையோடு
அட்டைக் கருவியை ஓர் இடி இடித்தேன்.
பீப் என்றது, மன்னித்து.
உள்ளே மழையைவிடக் குளிர்.
மடியில் பலகையைச் சமமாகப் பிடித்து உட்கார்ந்தேன்.

சமமாவது!
வளைவில் என் வானம் இடப்பக்கம் சரிந்தது.
வேகத்தடையில் கடல் ஒருமுறை எழுந்து அமர்ந்தது.
ஓட்டுநர் வரைகிறார் என்பது
அவருக்குத் தெரியாது.
சிக்னலில் எவனோ குறுக்கே வர,
அவர் ஓங்கி மிதிக்க,
சாம்பல் நிறமெல்லாம் திரண்டு
நான் காத்துவைத்த வெள்ளைக்குள் ஓடி
நடுவில் நின்றது.
தலைக்கு மேலிருந்த குளிர்காற்று
அதை அப்படியே உலர்த்திவிட்டது.
காலையெல்லாம் நான் கெஞ்சியது
நான்கு நிறுத்தத்தில் நடந்தது.

இப்போது சுவரில் மாட்டியிருக்கிறேன்.
வருகிறவர்கள் கேட்கிறார்கள்,
தூரத்தில் தெரிகிறதே, அது எந்தக் குன்று?
ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பெயர் சொல்கிறேன்.
சியூ லான் மட்டும் கேட்கவில்லை.
அருகில் போய்
மூக்கு உரசுமளவு பார்த்துவிட்டு,
"நல்ல பிரேக்" என்றாள்.